மார்கழிப் பனிக்கு மான்செஸ்டர் ஜாக்கெட்

பாராகுட்டா ஜி9. ஹாரிங்டன் ஜாக்கெட் என்றால் பலருக்கும் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழி, தை மாத விடியலில் பைக் ஓட்டுபவர்களுக்கு இது சரிப்படும். ஐப்பசி அடைமழைக்கு என்றால் வேண்டாம், ரெயின்கோட்டே வாங்குங்கள். இது தூறலைத்தான் தாங்கும்.

ஜேம்ஸ், ஐசக் மில்லர் சகோதரர்கள் 1937ல் மான்செஸ்டரில் தொடங்கிய நிறுவனம் பாராகுட்டா. பெயரில் உள்ள 'ஜி' கோல்ஃபைக் குறிக்கும். மட்டை வீசத் தோதாக, கழுத்திலிருந்தே இறங்கும் ராக்லன் கை வைத்தார்கள். தோள்பட்டையில் தையல் இல்லாததால் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனியும்போது முதுகு இழுக்காது. உள்ளே தெரியும் சிவப்புக் கட்டம் ஸ்காட்லாந்தின் ஃப்ரேசர் குலத்தின் டார்டன், அதாவது அந்தக் குலத்துக்கென்றே உள்ள கட்டத் துணி. குலத்தலைவர் லோவட் பிரபுவின் அனுமதி பெற்றுத்தான் அதைப் போட்டார்கள்.

முதுகைப் பாருங்கள். மேல்பாதியில் குடை விளிம்பு போல வளைந்த ஒரு மடிப்பு. தண்ணீர் இடுப்புப் பட்டைக்குள் இறங்காமல் வெளியே சொட்டுவதற்காக வைத்தது. கடைத்தெரு நகல்களில் பெரும்பாலும் இதையே ஒப்புக்குத் தைத்திருப்பார்கள். அடியில் விரலை விட்டுப் பாருங்கள், நுழையாவிட்டால் வெறும் அலங்காரம். காலரையும் இரண்டு பட்டனும் போட்டுப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்காமல் மடிந்தால் பனிக்காற்று கழுத்துக்குள் போகும்.

ஜிப் மேலும் கீழும் திறப்பது. உட்கார்ந்து ஓட்டும்போது கீழே இரண்டு அங்குலம் திறந்துவிட்டால் ஜாக்கெட் வயிற்றில் உப்பாது. ஆனால் பூட்டும்போது இரண்டு ஸ்லைடரையும் ஒன்றாக அடிவரை இறக்கி, ஊசியை முழுசாகச் செருக வேண்டும். அரைகுறையாகச் செருகி இழுத்தால் பல் பிளக்கும். ஜிப்பை மாற்றும்போது டெய்லர் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சாதா ஜிப் வைத்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பலவீனம் ரிப்தான். மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள அந்தப் பின்னல் நனைந்தால் லேசில் காயாது. நம் ஊர் ஈரத்தில் ஈர வாடை அடிக்கும், பிறகு பூஞ்சை. ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டினால் கனத்தில் ரிப் தொங்கிப்போகும். நிழலில் கொடியில் குறுக்காகப் போடுங்கள். துவைக்கும்போது உட்புறம் வெளியே திருப்பி, ஜிப் பூட்டி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், முறுக்கக் கூடாது. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், நீரை விலக்கும் பூச்சின் வேலையை அது கெடுக்கும். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள். நாகப்பட்டினம் கடலோரக்காரர்கள் ஜிப்பை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்க்கலாம்.

அளவு இடுப்பில்தான் நிற்கும், கீழே சட்டை தெரியும். வேட்டிக்கு மேல் போட்டால் மடிப்பு முட்டிக்கொண்டு பட்டை மேலேறும். வேட்டிக்காரர்களுக்கு இதே நிறுவனத்தின் ரிப் இல்லாத ஜி4 ஜாக்கெட் தேவலை, இடுப்பைப் பக்கவாட்டில் இறுக்கித் தளர்த்தலாம்.