மாடித் தொட்டியிலிருந்து நாற்பது செடிகளுக்கு: ஒரு சொட்டுநீர்ப் பாசனப் பெட்டி

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் கத்தரி, வெண்டை, பிச்சி, இரண்டு வாழை, சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முருங்கை என நாற்பது செடிகள் நிற்கின்றன. பங்குனி பிறந்தாலே எங்கள் போர் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்பதால், சென்ற மாசியில் ஓர் உள்ளூர்க் கடையில் வீட்டுத் தோட்டத்துக்கான சொட்டுநீர்ப் பாசனப் பெட்டி ஒன்றை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். கோடையையும் ஆனி ஆடிக் காற்றையும் அது தாண்டி, இப்போது ஐப்பசி மழையும் தொடங்கிவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் 16 மி.மீ. கருங்குழாய் 50 மீட்டர், செடியடியில் நீரைச் சொட்டவிடும் டிரிப்பர்கள் ஐம்பது, 4 மி.மீ. சிறுகுழாய், ஒரு வால்வு, ஒரு திரை வடிகட்டி, ஆறு சிறு தெளிப்பான்கள் ஆகியவை இருந்தன. குழாயை அரை மணி நேரம் வெயிலில் போட்டு இளக்கிக்கொண்டால், துளையிட்டுப் பொருத்துவது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர் விடும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அது ஒரு பார் அழுத்தத்துக்கான கணக்கு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். எங்கள் மாடித் தொட்டியோ தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அரை லிட்டர் குவளையை அடியில் வைத்துப் பார்த்தபோது நிரம்பப் பத்து நிமிடம் ஆயிற்று. அதாவது மணிக்கு 3 லிட்டர். இதை யாரும் கடையில் சொல்லவில்லை. ஆனாலும் நேரத்தைச் சற்றுக் கூட்டினால் குறை தீர்ந்துவிடுகிறது: நாற்பது டிரிப்பரும் நாற்பது நிமிடம் சொட்டினால் 80 லிட்டர். முன்பு ரப்பர் குழாயில், 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்பும் வேகத்தில், மாலைதோறும் இருபத்தைந்து நிமிடம் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். 375 லிட்டர் போயிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் நடைபாதைக்கும் களைக்கும்தான் என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

உண்மையான சோதனை உப்புதான். எங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு கரைந்த நிலையில் இருப்பதால் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடுகிறது. பிறகு டிரிப்பரின் வாயில் நீர் உலரும்போது வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது. வைகாசிக்குள் பதினொரு டிரிப்பர்கள் அடைத்துக்கொண்டன. நல்லவேளையாக அவை கழற்றிக் கழுவும் வகை. வினிகரில் ஓர் இரவு ஊறவைத்ததும் ஒன்பது பழையபடி சொட்டின. கழற்ற முடியாதபடி ஒட்டிய வகை டிரிப்பர்களை யாரும் வாங்க வேண்டாம் என்று இதற்காகவே வலியுறுத்துகிறேன். சிறுகுழாயைப் பொறுத்தவரை தயாரிப்பாளர் தவறிவிட்டார்: வெயில் ஊடுருவும் வெள்ளைக் குழாய் என்பதால் உள்ளே பாசி படர்ந்தது. கறுப்புக் குழாய் தனியே வாங்கி மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனி, ஆடியில் பொதிகை மலையில் மழை கொட்டித் தாமிரபரணி பெருகி ஓடும். பாளையங்கோட்டைக்கு வருவதோ மண்ணை உலர்த்தும் காற்றுதான். அந்தக் காற்றில் சிறு தெளிப்பான்களின் நீர் முழுவதும் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் விழுந்ததால், மூன்றாம் நாளே அவற்றைக் கழற்றிவிட்டேன். சொட்டும் நீரைக் காற்று எடுத்துச் செல்ல முடியவில்லை. சொட்டும் இடத்தில் தேங்காய்க் கதம்பையைக் கவிழ்த்து மூடாக்குப் போட்ட செடிகளின் அடிமண் மறுநாள் மாலையிலும் விரலுக்கு ஈரமாக இருந்தது. மூடாக்கு இல்லாத வெண்டைப் பாத்தி நண்பகலிலேயே வெளுத்துவிட்டது.

வாழைக்கு இந்தப் பெட்டி போதாது. குளியலறைத் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டிருக்கிறோம். எங்கள் ஆச்சி வீட்டில் செய்த அதே ஏற்பாடுதான். அணில் இரண்டு இடங்களில் குழாயைக் கடித்தது. இணைப்பான் போட்டுச் சரிசெய்தேன்.

பத்துச் செடிகளுக்கு உட்பட்ட தோட்டமென்றால் வாளியும் குவளையுமே போதும், இந்தச் செலவு வேண்டாம். முப்பதுக்கு மேல் செடிகளும் மாடியில் தொட்டியும் உள்ளவர்கள், கறுப்புச் சிறுகுழாய்க்கும் பத்து உபரி டிரிப்பர்களுக்கும் சேர்த்து 300 ரூபாய் கூடுதலாக ஒதுக்கி, தயங்காமல் வாங்கலாம். மழை வலுத்துவிட்டதால் நேற்று வால்வை மூடி, குழாயின் கடைசி மூடியைக் கழற்றித் தேங்கியிருந்த கசடை வெளியேற்றினேன். தைப் பொங்கல் கழிந்துதான் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும்.