பேச்சு வர நாங்கள் முயன்றவை: மருந்து, தெரபி, படம் தொட்டால் பேசும் ஆப்

என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். 3 வயது வரை ஒரு சொல்கூட இல்லை. அன்றிலிருந்து பேச்சுக்காக எதை எதையோ முயன்றுவிட்டோம். இதே நிலையில் இருக்கிற பெற்றோர் பலரும் என்னிடம் முதலில் கேட்பது "என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்றுதான், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேச வைப்பதற்கென்று நிரூபணமான மாத்திரை கிடையாது. அதிகம் எழுதித் தரப்படும் ரிஸ்பெரிடோனுக்கு அமெரிக்காவில் 2006இலும் அரிபிப்ரசோலுக்கு 2009இலும் அனுமதி கிடைத்தது, ஆனால் அது கடும் எரிச்சல், ஆவேசம், தன்னையே அடித்துக்கொள்வது இவற்றுக்காக. எங்களுக்கு ரிஸ்பெரிடோன் எழுதிய டாக்டர் பேச்சும் கூடவே வரும் என்றார். ஆவேசம் குறைந்தது உண்மை, பேச்சு வரவில்லை, பசி எடுத்து எடை ஏறியது. லூகோவோரின் என்கிற ஃபோலினிக் ஆசிட் பற்றி இப்போது நிறையப் பேச்சு. 48 பிள்ளைகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பேச்சு ஓரளவு முன்னேறியது, அதிலும் ஃபோலேட் என்கிற வைட்டமினை மூளைக்குள் போகவிடாமல் தடுக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக. 48 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பியூமெட்டனைடு என்கிற மருந்தைப் பற்றியும் இப்படித்தான் நம்பிக்கையோடு பேசினார்கள், 2021இல் பெரிய ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மருந்தைவிட அது மேல் இல்லை என்று தெரிந்து நிறுத்திவிட்டார்கள். உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று ஊசி போடுபவர்கள் பக்கமே போகாதீர்கள், 2005இல் அதில் ஒரு குழந்தை இறந்தே போனது.

அப்புறம் தெரபி. போவதற்கு முன் காது கேட்கும் திறனை முறையாகச் சோதித்துவிடுங்கள், திரும்பிப் பார்க்கிறான் என்பதெல்லாம் சோதனை ஆகாது. நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் பந்தைக் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு "பந்து சொல்லு, சொன்னால்தான் தருவேன்" என்று 40 நிமிடம். அவன் அழுவான், எங்களை அறைக்குள் விடமாட்டார்கள். நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டது அந்தக் கதவைப் பார்த்தாலே அழுவதை மட்டும்தான். அவ்வளவு நாள் நான் பேசாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

இரண்டாவது தெரபிஸ்ட் தரையில் உட்கார்ந்தார். அவன் சக்கரத்தைச் சுற்றினால் அவரும் சுற்றினார், சோப்புக் குமிழி ஊதிவிட்டு அடுத்ததை ஊதாமல் பத்து எண்ணும் வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவன் கண்ணைத் தூக்கிப் பார்த்தாலே அதைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு ஊதுவார். ஒவ்வொரு செஷனிலும் கடைசிப் பத்து நிமிடம் எங்களைச் செய்யச் சொல்லித் திருத்துவார். வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் அவரிடம், மீதி நேரமெல்லாம் வீட்டில்தானே, அதனால் இந்தப் பத்து நிமிடத்துக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் தருவேன்.

டேப்லெட்டில் படம் தொட்டால் பேசும் ஆப்பை அவர்தான் சொன்னார். எனக்குப் பயம், இதைப் பிடித்துக்கொண்டால் வாயைத் திறக்கவே மாட்டானோ என்று. பயம் தேவையில்லாதது. பேச்சு மிகக் குறைவாக இருந்த, 5 முதல் 8 வயதுள்ள 61 பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வில், தெரபியோடு ஆரம்பத்திலேயே பேசும் கருவியும் பெற்றவர்கள்தான் வாயாலோ கருவியாலோ தாங்களாகச் சொல்வதில் அதிகம் முன்னேறினார்கள். ஆனால் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதாது. நாம் பேசும்போதெல்லாம் நாமும் அதைத் தொட்டுப் பேச வேண்டும், "இன்னும்", "வா", "வேண்டாம்", "போதும்" என்று. இரண்டு மாதம் வீட்டில் நாங்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தோம், அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் முடி வெட்டும்போது, வழக்கமாகக் கத்திக் களேபரம் ஆகும் இடம், கையை நீட்டி "போதும்" தொட்டான். நாங்கள் உடனே நிறுத்தினோம். பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தோம், எனக்கு அழுகை நிற்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அவன் வாயிலிருந்தே "போது" வந்தது. இப்போது சொந்தமாக முப்பது சொல் போல இருக்கிறது, மீதியை ஆப்பில் சொல்கிறான்.

ஆப்பில் குறையும் உண்டு. ஒரு அப்டேட்டில் பொத்தான்கள் இடம் மாறிவிட்டன, இடத்தை வைத்தே சொல்லைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அது பெரிய அடி, இரண்டு நாள் தொடவே இல்லை. தமிழில் "வா" இருக்கிறது, "வந்தேன்", "வரமாட்டேன்" எல்லாம் நாமே சேர்க்க வேண்டும். குரல் பெரியவர் குரல், குழந்தைக் குரல் இல்லை. வாங்கும் முன் இலவசக் காலத்தில் இந்த மூன்றையும் பாருங்கள், அமைப்பை நகல் எடுத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, பிள்ளையின் கையை வேறொருவர் பிடித்து எழுத்துகளைத் தொட வைக்கும் முறையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சோதித்துப் பார்த்தபோது அதில் வந்த வார்த்தைகள் கையைப் பிடித்தவருடையவையாகத்தான் இருந்தன. எங்கள் ஆப்பில் என் மகன் தனியாகத் தொடுகிறான், சில சமயம் நான் கூப்பிடும்போது "போ" என்று.