ஸ்லீவா, பைபாஸா? மூன்று மருத்துவமனைகளில் பெற்ற ஆலோசனை குறித்து

மதுரையில் இரண்டு, கோயம்புத்தூரில் ஒன்று என மூன்று தனியார் மருத்துவமனைகளின் எடைக்குறைப்பு அறுவைப் பிரிவுகளில் ஆலோசனை பெற்று, மூன்றாவது இடத்தில் அறுவை செய்துகொண்டு இருபத்தாறு மாதங்கள் ஆகின்றன. அவற்றின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அறுவை மருத்துவர்கள் அடிக்கடி இடம் மாறுகிறார்கள். ஒரு பெயரை நம்பிப் போகிறவர் அங்கே வேறொருவரைச் சந்திக்க நேரலாம். ஒரே உடலைப் பார்த்து மூன்று இடத்திலும் மூன்று விதமான அறுவையை ஏன் பரிந்துரைத்தார்கள், அவற்றுள் எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொன்னால், இதே வாசலில் நிற்கிறவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அப்போது எனக்கு வயது 47, உயரம் 168 செ.மீ., எடை 112 கிலோ. உயரத்துக்கும் எடைக்குமான விகிதமாகிய பி.எம்.ஐ. 39.7. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது; இரண்டு வகை மாத்திரைகள் எடுத்தும் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 9.1-க்குக் கீழே இறங்கவில்லை. இவற்றுடன் பல ஆண்டு நெஞ்செரிச்சலும் உண்டு. இரவில் இரண்டு தலையணை வைத்துத்தான் படுப்பேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை. இந்தக் கடைசிச் செய்தியை நானே ஒரு பொருட்டாக எண்ணவில்லை. முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

முதல் மருத்துவமனையில் என்னை எதிர்கொண்டவர் மருத்துவரல்லர், ஆலோசகர் என்ற அட்டையணிந்த ஓர் இளைஞர். நான் உட்கார்ந்ததும் அவர் மேசைமீது நகர்த்திவைத்தது விலைப்பட்டியல். ஸ்லீவ், மூன்று நாள் தங்கல், மாதத் தவணை வசதி என்று அச்சிட்டிருந்தது. ஸ்லீவ் என்பது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குறுகிய குழாயாக்கும் அறுவை. “இப்போது எல்லாரும் ஸ்லீவ்தான் சார் செய்துகொள்கிறார்கள், குடலைத் தொடுவதே இல்லை” என்றார். உலக அளவில் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ்தான் என்பது உண்மையே. ஆனால் நெஞ்செரிச்சல் உண்டா என்ற கேள்வியை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அறுவை மருத்துவருடன் பேசக் கிடைத்தது ஏழு நிமிடம். எண்டோஸ்கோபி எப்போது என்று என் மனைவி கேட்டதற்கு, முன்பணம் கட்டிச் சேர்ந்த பிறகு, அறுவைக்கு முதல் நாள் செய்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. வீடு கட்டி முடித்த பிறகு மண் பரிசோதனை செய்வது போல இருக்கிறதே என்று அவள் படியிறங்கும்போது சொன்னாள்.

இரண்டாவது இடத்து மருத்துவர் பொறுமையானவர். தாளில் இரைப்பையை வரைந்து, அவர்களிடம் வழக்கமான மினி பைபாஸை விளக்கினார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997-இல் தொடங்கிய முறை அது. இரைப்பையை நீண்ட குழாய் வடிவில் பிரித்து, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து 150 முதல் 200 செ.மீ. தள்ளி ஓரிடத்தில் இணைக்கிறார்கள். வழக்கமான பைபாஸில் இணைப்புகள் இரண்டு. இதில் ஒன்றே என்பதால் நேரமும் சிக்கலும் குறைவு. எடையும் சர்க்கரையும் நன்றாகவே இறங்கும். ஆனால் அந்த ஒற்றை இணைப்பின் வழியாகத்தான் பித்தநீரும் போகிறது. அது இரைப்பைக்கு ஏறி, அங்கிருந்து உணவுக்குழாய்க்கும் வரலாமே என்று கேட்டபோது, “அதெல்லாம் அபூர்வம்” என்று முடித்துவிட்டார். ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவனுக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. உணவியல் வல்லுநர் அன்று விடுப்பு. பதிலாகக் கொடுத்த அச்சுத்தாளில் சால்மன் மீனும் அவகாடோவும் இருந்தன. மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் சால்மனுக்கு எங்கே போவான் என்பதை அந்தத் தாளை அச்சிட்டவர் யோசித்திருக்கமாட்டார்.

கோயம்புத்தூரில் வரிசை தலைகீழாக இருந்தது. விலை பேசுவதற்கு முன் எண்டோஸ்கோபி. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் அரிப்புப் புண்களும், இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புப் பக்கம் மூன்று செ.மீ. ஏறியிருப்பதும் படத்தில் தெரிந்தன. ஸ்லீவ் வேண்டும் என்று கேட்டுத்தான் நான் போயிருந்தேன். மருத்துவர் படத்தை என் பக்கம் திருப்பி வைத்து, “உங்களுக்கு ஸ்லீவ் செய்தால் ஐந்து வருடத்தில் இதைச் சரிசெய்யத் திரும்பவும் என்னிடம் வருவீர்கள்” என்றார். தன் கைக்கு வரக்கூடிய இரண்டாவது வருமானத்தை முன்கூட்டியே மறுத்த அந்த வாக்கியத்தில்தான் அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் சற்று அதிகமாக ஸ்டேப்ளரால் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மிஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுக்கப்படும் மேற்பகுதியில் என்பதால் பசி தணிகிறது. குடல் இருந்தபடியே இருப்பதால் சத்துக்குறைவு ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் மிஞ்சிய குழாய் குறுகலானது. உள்ளே அழுத்தம் கூடும்போது அமிலம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. கோயம்புத்தூர் மருத்துவர் பரிந்துரைத்த ரூ-என்-ஒய் என்னும் வழக்கமான பைபாஸிலோ, மேலே ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலின் ஒரு கிளையை அதனோடு இணைக்கிறார்கள். பித்தநீர் இன்னொரு கிளை வழியாக வந்து வெகுதூரம் கீழே உணவோடு சேர்கிறது. சிறு பையில் அமிலம் மிகக் குறைவு; பித்தமும் எட்டாத தூரத்தில். எதுக்களிப்புக்கு இதுவே மருந்தாகவும் ஆகிவிடுகிறது.

இது ஒரு மருத்துவரின் விருப்பு வெறுப்பு மட்டுமா என்று வீட்டுக்கு வந்து தேடினேன். பின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022-இல் வெளியாகியிருந்தது. அதிகப்படியான எடையில் ஸ்லீவ் பிரிவினர் 43.5 விழுக்காடும் பைபாஸ் பிரிவினர் 50.7 விழுக்காடும் இழந்திருந்தார்கள். இந்த வேறுபாடு என்னை அசைக்கவில்லை. உணவுக்குழாய் அழற்சியோ ஸ்லீவில் 31 விழுக்காடு, பைபாஸில் 7 விழுக்காடு. சர்க்கரையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 நீரிழிவு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பின் எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, ஸ்லீவில் 23 விழுக்காடு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு. ஆக, சர்க்கரைக்காக மட்டும் என்றால் இரண்டில் எதையும் எடுத்திருப்பேன். நெஞ்செரிச்சல்தான் தராசை ஒரு பக்கம் சாய்த்தது.

பைபாஸுக்கு விலை உண்டு, அது பணமாக மட்டும் இல்லை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது என்பதால் கைப்பேசியில் இரண்டு அலாரங்கள் நிரந்தரமாகிவிட்டன. முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தொடக்கூடாது. இணைப்பில் புண் வரும். புகைப்பவர்களுக்கும் அதே ஆபத்து. ஒதுக்கிவிடப்பட்ட பழைய இரைப்பை உள்ளேயே இருந்தாலும் வழக்கமான எண்டோஸ்கோப் இனி அதை எட்டாது. எடை இறங்கியபின் குடலின் இடைவெளிகளில் குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அந்த இடைவெளிகளை அறுவையின்போதே தைத்து மூடுவீர்களா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. மூட்டுவாதத்துக்காக நிரந்தரமாக வலிமாத்திரை எடுப்பவர், வயிற்றில் ஏற்கெனவே பல அறுவைகள் நடந்து குடல் ஒட்டிக்கொண்டிருப்பவர், மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கமாட்டோம் என்று தம்மைத் தாமே அறிந்தவர் ஆகியோருக்கு, எதுக்களிப்பு இல்லாவிட்டால், ஸ்லீவே பொருத்தம் என்பது என் கருத்து.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் முறைக்கு அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. பட்டை நழுவுவதும் அரிப்பதும் எடை திரும்புவதுமாக, இப்போது அதைப் போடுவதைவிட எடுப்பதே அதிகம் நடக்கிறது என்று மருத்துவர் சிரித்தார். இரைப்பைக்குள் வைக்கும் பலூன் அறுவையே அன்று. பெரும்பாலும் ஆறு மாதத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் ஒதுக்கிவிடும் டியோடினல் ஸ்விட்ச் எடையை எல்லாவற்றையும்விட அதிகமாக இறக்கும். புரதமும் வைட்டமின்களும் அதே வேகத்தில் குறையும் என்பதால், பருப்பையும் மோரையும் நம்பியிருக்கும் எங்கள் வீட்டுச் சமையலுக்கு அது ஒத்துவராது. சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச்சில். அதற்கு முன்பே எனக்கு அறுவை முடிந்துவிட்டது. இன்று முடிவெடுப்பவர் அதையும் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

காப்பீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆசிய உடலமைப்புக்கு பி.எம்.ஐ. 27.5-இலிருந்தே அறுவையைக் கருத்தில் கொள்ளலாம் என்று 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதியோ 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்திணறல் போன்றவற்றுடன் 35 என்கிறது. எனக்கு 39.7. முதல் விண்ணப்பம் 40-க்குக் கீழ் என்ற ஒற்றை வரியில் நிராகரிக்கப்பட்டது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்த அம்மையார் இரண்டாண்டுச் சர்க்கரை அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி மறுபடி அனுப்ப, பதினோராம் நாள் ஒப்புதல் வந்தது. அந்த அம்மையாருக்கு என் நன்றி. இறுதி ரசீது முதலில் சொன்ன தொகையைவிட நாற்பதாயிரம் ரூபாய் கூடுதலாக வந்தது; கூடுதல் ஸ்டேப்ளர் தோட்டாக்கள் என்றார்கள். அதை முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அறுவைக்கு மறுநாள் உணவியல் வல்லுநர் இருமல் மருந்துப் புட்டியோடு வரும் அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கையில் கொடுத்து, “இனிமேல் இதுதான் சார் உங்கள் டம்ளர்” என்றார். அதில் உள்ள தண்ணீரைக் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டும். இரண்டு வாரம் வடிகட்டிய ரசம், மோர், பருப்புத் தண்ணீர். பிறகு கூழ் பதம். மூன்றாம் மாதம் அரை இட்லி, அதற்கு முன் முட்டை வெள்ளை, ஏனென்றால் புரதம் முதலில் போக வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரையும் தந்தார்கள். ஐந்தாம் மாதம் அத்தை பேத்தியின் சடங்கு முடிந்து கீழவாசல் பக்கம் வந்தபோது, உறவினர்கள் வற்புறுத்த, ஜிகர்தண்டாவில் மூன்று கரண்டி எடுத்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கடையின் பின்பக்கத்துப் பெஞ்சில் படுத்துவிட்டேன். சர்க்கரை நேராகச் சிறுகுடலுக்குள் இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கேட்டதற்கும் பட்டதற்கும் இடையே உள்ள தூரம் அன்றுதான் தெரிந்தது.

இப்போது எடை 79 கிலோ. ஒருமுறை 76 வரை இறங்கி, மூன்று கிலோ திரும்பியிருக்கிறது. ஒரே ஒரு மெட்ஃபார்மினுடன் எச்பிஏ1சி 6.1, தலையணை ஒன்று, பான்டோபிரசோலை நிறுத்தி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தபோது பயந்துபோனேன். அது பிறகு தானே நின்றது, ஆனால் அப்படி நடக்கும் என்று எவரும் எச்சரிக்கவில்லை. மனநல ஆலோசனை என்ற பெயரில் நடந்தது பத்து நிமிடமும் ஒரு கையெழுத்தும்தான். மாத்திரைகளுக்கு மாதம் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ரூபாய் ஆகிறது என்பதும் விலைப்பட்டியலில் இல்லாத செய்தி.

முதல் மருத்துவமனைக்கு ஐந்தில் ஒன்று, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். மூன்றாவதில் குறைத்த ஒன்று, எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்று குறிப்பேட்டின் பின்னட்டையில் அச்சிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருமுறைகூட எடுக்கப்படாத அந்தத் தொலைபேசிக்கானது.