டி.டி.கே. மருத்துவமனை, அடையாறு: குடிநோய்க்கான உளச்சிகிச்சை பற்றிய மதிப்புரை

குடியை விட விரும்பும் ஒருவரை எங்கே அழைத்துச் செல்வது என்று கேட்பவர்களுக்கு, சென்னை அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையை நான் தயக்கமின்றிச் சொல்வேன். என் தம்பி அங்கே உள்நோயாளியாகத் தங்கிச் சிகிச்சை பெற்றான். குடும்பத்தாருக்கான அமர்வுகளில் அவன் மனைவியும் நானும் கலந்துகொண்டோம். அங்கே கொடுக்கப்படும் மருந்துகளைவிட அங்கே நடக்கும் பேச்சைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். குடிநோயை மாற்றும் வேலையின் பெரும்பகுதி அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

டி.டி.கே. என்ற தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த தம் கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், வேறு குடும்பங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று 1980இல் தொடங்கிய அறக்கட்டளையே இந்த மருத்துவமனையை நடத்துகிறது. அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குடிப்பவரை ஒழுக்கம் கெட்டவராகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய நிலைப்பாடு, அங்குள்ளவர்கள் பேசும் தொனியிலேயே தெரிகிறது.

முதல் சில நாள்கள் மருத்துவர்களின் பொறுப்பு. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கமும் தூக்கமின்மையும் மட்டுமல்லாமல், வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டில் அடைத்துவைத்துக் குடியை நிறுத்த முயல்பவர்கள், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

உடல் தெளிந்த பிறகு தொடங்கும் தனி ஆலோசனையும் குழுச் சிகிச்சையுமே உண்மையான சிகிச்சை. கோயிலில் கயிறு கட்டி, பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் மீண்டும் குடித்தவன் என் தம்பி. ஈரல் கெடும் என்பதை அவன் அறியாதவன் அல்லன். விட வேண்டும் என்ற மனமும் விட முடியாத மனமும் அவனுக்குள் ஒருசேர இருந்தன. 1983இல் உளவியலாளர் வில்லியம் மில்லர் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறை இந்த இரட்டை மனத்திலிருந்துதான் தொடங்குகிறது: ஆலோசகர் வாதாடுவதில்லை, குடியை விடுவதற்கான காரணத்தை நோயாளியே தன் வாயால் சொல்லும்படி கேள்விகளை அமைக்கிறார். அறிவுரை கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஒருவனுக்கு, தன்னைப் பேசவிட்டுக் கேட்கும் ஒருவர் கிடைப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன்.

அடுத்த கட்டத்தில், எந்தச் சூழ்நிலையில் குடிக்கத் தோன்றுகிறது என்பதை நுணுக்கமாக ஆராய்கிறார்கள். மன வேதனை, வீட்டுச் சண்டை, நண்பர்களின் வற்புறுத்தல் ஆகிய மூன்றும்தான் மீண்டும் குடிப்பதற்கு முதன்மையான காரணங்கள் என்று ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்துக்காட்டியிருக்கிறார். என் தம்பியின் பட்டியலில் சம்பள நாளும், துக்க வீடுகளும், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் உள்ள டாஸ்மாக் கடையும் இருந்தன. வேறு தெரு வழியாக வருவது, பசியோடு வேலையிலிருந்து கிளம்பாமல் இருப்பது, வேட்கை எழும்போது உடனே ஒருவரிடம் பேசி அது தணியும்வரை காத்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலை அவனே வகுத்துக்கொண்டான். ஒரு நாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்ற எண்ணமே மனிதரை முழுக் குடிக்குத் தள்ளுகிறது என்பதால், அந்த எண்ணத்தை எதிர்கொள்ளவும் முன்கூட்டியே பழக்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது குடும்ப அமர்வுகளை. அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அவனுடைய அலுவலகத்துக்கு நாங்களே பொய் சொல்வது, அவன் வாங்கிய கடனை ஓசையில்லாமல் அடைப்பது, போதை தெளியாத நேரத்தில் நியாயம் கேட்பது என்று அன்பினால் ஒரு குடும்பம் செய்யும் பல காரியங்கள், குடியின் விளைவுகள் குடிப்பவரைத் தொடாதபடி தடுத்துவிடுகின்றன. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், எங்களுக்கும் ஒரு நோவு இருக்கிறது, அதற்கும் மருந்து வேண்டும் என்று சொன்னார்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பல ஆண்டுகளாக வாய் திறக்காத பெண்கள் அங்கே முதன்முறையாகப் பேசினார்கள். தம்பி மனைவி, அவனுடைய குடிக்குத் தான் காரணமல்ல என்று நம்பத் தொடங்கியது அந்த அறையில்தான்.

ஏறக்குறைய ஒரு மாதம் தங்க வேண்டியிருப்பதால், அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்களுக்கு இது எளிதன்று. வீடு திரும்பிய பிறகு தொடர் ஆலோசனைக்கு வருவதை நிறுத்திவிட்டால் பெற்ற பயன் கரைந்துபோகும் என்பதையும் சேருமுன்பே மனத்தில் கொள்ள வேண்டும். நோயாளிக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் பொடிகளை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அது ஆபத்தானது, அவர் உங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையையும் அழித்துவிடும்.

சென்னைக்கு வர இயலாதவர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கெனவே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உள்ளது. வேறு தனியார் மையத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அது பதிவு பெற்றதா, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்களா, குடும்பத்தாரை உள்ளே வந்து பார்க்க அனுமதிக்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.