கைக்கடிகாரத்தை வீட்டிலேயே சரிபார்க்க 850 ரூபாய்க் கருவிப்பெட்டி: ஆறு மாத அனுபவம்

அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. பைலட் கைக்கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் முந்தி ஓடத் தொடங்கியபோது, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுக்குப் பழக்கமான கடிகாரக்காரர் கண்பார்வை மங்கித் தொழிலை விட்டிருந்தார். நான் ஏறி இறங்கிய மற்ற இரண்டு கடைகளிலும் பேட்டரியும் வாரும் மாற்றுவதோடு சரி. டைட்டன் தொழிற்சாலை இதே மாவட்டத்தில் ஓசூரில் இருக்கிறது. ஆனாலும் சாவி கொடுக்கும் கடிகாரத்தைத் திறந்து பார்க்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே இணையத்தில் 850 ரூபாய்க்கு இந்தக் கருவிப்பெட்டியை வாங்கினேன்.

பின்மூடி திறக்கும் மும்முனைக் கருவி, ஐந்து சிறு திருப்புளிகள், இரண்டு இடுக்கிகள், வார் ஊசி கழற்றும் கருவி, கண்ணில் பொருத்தும் லென்ஸ், நீல நிறக் காந்தநீக்கி, ஒரு குப்பி எண்ணெய் ஆகியவை பெட்டியில் உள்ளன. இவற்றில் மும்முனைக் கருவிதான் பெரிய ஏமாற்றம்: முனைகள் பின்மூடியின் பள்ளங்களில் உட்காராமல் ஆடுவதால், சற்று அழுத்தினாலும் வழுக்கிக் கீறல் விழுகிறது. ஓடாத பழைய கடிகாரம் ஒன்றில் முதலில் சோதித்துப் பார்த்ததால் அப்பாவின் கடிகாரம் தப்பியது. அதன் மூடியைப் பையனின் ரப்பர் பந்தை அழுத்திப் பிடித்துத் திருகித்தான் திறந்தேன். திருப்புளிகளின் இரும்பு மென்மையானது. இரண்டாவது வாரமே ஒன்றின் நுனி முறுக்கிக்கொண்டது.

கொடுத்த பணத்துக்கு ஈடு கட்டியது காந்தநீக்கி. கடிகாரம் திடீரென்று இவ்வளவு முந்தினால் பெரும்பாலும் காந்தமேறியிருக்கும் என்று அந்தப் பழைய கடிகாரக்காரர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கடிகாரத்தின் வேகத்தை நிர்ணயிப்பது இடவலமாக ஆடும் பேலன்ஸ் சக்கரமும், அதோடு இணைந்த ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லும்தான். ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் இயங்கும் நீளம் குறைந்துவிடுகிறது. பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடுகிறது. வீட்டில் ஒலிபெருக்கியின் மேல் கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. பொத்தானை அழுத்தியபடி கடிகாரத்தை அருகே வைத்து, அழுத்தத்தை விடாமல் ஒரு முழ உயரத்துக்கு மெல்லத் தூக்கிய பிறகே விரலை எடுக்க வேண்டும். மாறுமின்னோட்டத்தின் காந்தப்புலம் படிப்படியாகக் குறையும்போதுதான் எஃகில் ஏறிய காந்தம் கலைகிறது. பெட்டியோடு வந்த துண்டுத்தாளில் இந்த முக்கியமான செய்தி இல்லை. முதல்முறை நான் கடிகாரம் அருகில் இருக்கும்போதே விரலை எடுத்துவிட்டேன். 150 வினாடி முந்தியது 210 ஆயிற்று. முறைப்படி மறுபடி செய்ததும் 18 வினாடிக்கு இறங்கியது.

இந்தக் கணக்கெல்லாம் கைப்பேசிச் செயலி சொன்னவை. கடிகாரம் மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. செயலி அந்தத் துடிப்பைக் காதொலிக் கருவியின் மைக்கில் கேட்டு வேகத்தைக் கணிக்கிறது. மீதமிருந்த 18 வினாடிக்குத்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலைத் தொட்டேன். பேலன்ஸ் சக்கரத்தின் மேல் கூட்டல், கழித்தல் குறிகளுக்கு நடுவே நிற்கும் அந்தச் சிறு தகட்டை மயிரிழை அளவு கழித்தல் பக்கம் நகர்த்தினால் போதும். அதற்குப் பெட்டியிலுள்ள இடுக்கியை எடுக்காதீர்கள். அதுவே காந்தமேறியது, வழுக்கினால் ஹேர்ஸ்பிரிங்கில் போய் இறங்கும். நான் கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் தள்ளினேன். முகப்பு மேல்நோக்கிக் கிடக்கையில் இப்போது நான்கு வினாடி முந்துகிறது, சாவி கீழ்நோக்கி நிற்கையில் ஒன்பது வினாடி பிந்துகிறது. கையில் கட்டியிருக்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடுகின்றன.

எண்ணெய்க் குப்பியை மட்டும் கடிகாரத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். காய்ந்த பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெய் விட்டால் அழுக்கு கூழாகிச் சக்கரங்களில் ஒட்டும். முழுவதும் பிரித்துக் கழுவிய பிறகே, அந்தந்த இடத்துக்குரிய எண்ணெயைக் குண்டூசி முனையளவு வைப்பார்கள். அந்த வேலைக்கு இந்தப் பெட்டி போதாது. என் மனைவியின் தையல் இயந்திரம் அந்தக் குப்பியால் நன்றாக ஓடுகிறது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். காந்தநீக்கி தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். பின்மூடிக்கான ரப்பர் வளையம் பெட்டியில் இல்லை. என்னுடையது திறந்தபோதே துண்டு துண்டாக உதிர்ந்ததால், மழை நாளில் அந்தக் கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.