எலியாவின் இரண்டு குரல்கள்: நெருப்பும் களைப்பும்

ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன் 1846 ஆகஸ்ட் 26 அன்று பர்மிங்காம் நகர மண்டபத்தில் தாமே நடத்தி அரங்கேற்றிய ஆரடோரியோ (நடிப்பின்றிப் பாடகர்களும் இசைக்குழுவும் வழங்கும் சமயக் கதை) ‘எலியா’. அதில் விவிலியத் தீர்க்கதரிசி எலியாவாகப் பாடும் பாரிடோனுக்கு (நடுத்தர ஆண்குரல் பாடகருக்கு) இரண்டு பெரிய தனிப்பாடல்கள் உண்டு. எதை முதலில் கேட்பது?

பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் வீழ்ந்த கையோடு வருவது முதற்பாடல். தேவனின் வார்த்தை அக்கினி, கன்மலையை நொறுக்கும் சம்மட்டி என்ற, விவிலியத்தின் எரேமியா நூல் வரிகள்தான் அதற்குச் சொற்கள். வயலின்கள் மூச்சுவிடாமல் ஓட, குரல் மேலும் கீழும் தாவுகிறது. பாடகரின் தெம்பு உடனே தெரிந்துவிடும். கைதட்டலும் இதற்கே எளிதில் கிடைக்கும். ஆனால் சிலர் இதில் வெறும் சத்தத்தைத்தான் தருகிறார்கள்.

‘போதும் கர்த்தாவே’ என்ற இரண்டாம் பாகத்துப் பாடல் வேறு ரகம். தன்னைக் கொல்லத் தேடும் அரசி யேசபேலுக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடிய மனிதன் சாவைக் கேட்கிறான். முதலில் பேசுவது குரல் அல்ல, செல்லோ என்ற கனத்த நாதமுள்ள தந்திக்கருவி. அதன் இறங்குமுக ராகத்தைப் பின்தொடர்ந்தே பாடகர் நுழைகிறார். நடுவில் திடீரென வேகம். பழைய வைராக்கியம் தலைதூக்குகிறது. பிறகு அதே மெதுவான ராகம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் பாடகர் குரலை எவ்வளவு தணிக்கிறார் என்று கவனியுங்கள். தேர்ந்த ரசிகர்கள் ஒலிப்பதிவுகளை எடைபோடுவது அங்கேதான்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. புதிதாகக் கேட்பவர் மட்டும் நெருப்பிலிருந்து தொடங்கலாம். அது மூன்று நிமிடம்கூட எடுக்காது.