ஆறு மார்கழி கண்ட கோப்புச் சர்வர்: சாம்பா, என்.எஃப்.எஸ். பயன்பாட்டு அனுபவம்

ராயப்பேட்டையில் புத்தக வடிவமைப்பும் அச்சுக்கு முந்தைய வேலைகளும் செய்யும் எங்கள் அலுவலகத்தின் கோப்புச் சர்வரை 2019 முதல் நான் பராமரித்து வருகிறேன். லினக்ஸில் இயங்கும் அந்த ஒரே சர்வர், விண்டோஸ் உள்ள 26 டி.டி.பி. கணினிகளுக்கு, விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையில் பேசும் சாம்பா மென்பொருள் வழியாகவும், பி.டி.எஃப். உருவாக்கும் 3 லினக்ஸ் கணினிகளுக்கு என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறை வழியாகவும் கோப்புகளை வழங்குகிறது. 8 கோர் செயலி, 64 ஜிபி நினைவகம், இரண்டு டிஸ்க்குகள் பழுதானாலும் தரவு தப்பும் ரெய்டு 6 முறையில் இணைத்த 6 ஹார்ட் டிஸ்க்குகள் அதில் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதியில் சர்வர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கான நூல்கள் குவியும் மார்கழியில்தான் அதன் குணம் முழுவதும் தெரியவரும்.

முதல் டிசம்பரிலேயே, "சார், ஷேர் ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்ற குரல் காலை முதல் இரவு வரை ஒலித்தது. ஷேர் எனப்படும் பகிர்வில் ஒரு ஃபோல்டர் திறக்க அரை நிமிடம் ஆனது. லினக்ஸ் கணினிகளின் பதிவேட்டில், சர்வர் பதிலளிக்கவில்லை, தொடர்ந்து முயல்கிறேன் என்ற செய்தி வரிவரியாக நின்றது. சர்வரின் சுமையைக் காட்டும் லோட் ஆவரேஜ் என்ற எண் 40-ஐத் தாண்டியிருந்தது. நான் சுவிட்சையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தேன். பிறகு சாம்பாவை மறுதொடக்கம் செய்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. திறந்திருந்த கோப்புகளின் இணைப்பு ஒரே நேரத்தில் அறுந்தது. 26 கணினிகளும் ஒன்றாகத் திரும்பி வந்து மோதியதில் நிலைமை முன்பைவிட மோசமானது.

லோட் ஆவரேஜ் என்ற எண்ணைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகே வழி தெரிந்தது. லினக்ஸில் அந்த எண், செயலிக்காகக் காத்திருக்கும் பணிகளோடு, டிஸ்க்கின் பதிலுக்காகக் குறுக்கிட முடியாத நிலையில் உறைந்து நிற்கும் பணிகளையும் சேர்த்தே கணக்கிடுகிறது. லோட் 40 காட்டிய அதே நேரத்தில் எங்கள் செயலியின் பெரும்பகுதி சும்மா இருந்தது. டிஸ்க்கின் வேலையளவைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையில் பார்த்தபோது, டிஸ்க்குக்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையும் சராசரியாக 300 மில்லி விநாடிக்கு மேல் காத்துக் கிடந்தது. நெட்வொர்க் பழுதாக எங்களுக்குத் தெரிந்தது உண்மையில் டிஸ்க்கின் வரிசை.

அந்த வரிசைக்கான பெரிய காரணம், நிறைய நினைவகம் இருந்ததுதான் என்பது என்னை வியக்க வைத்தது. டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாத தரவை, கிடைக்கும் நினைவகத்தில் 20 விழுக்காடு வரை தேக்கி வைக்க லினக்ஸ் இயல்பாக அனுமதிக்கிறது. 64 ஜிபியில் அது ஏறத்தாழ 12 ஜிபி. யாராவது ஸ்கேன் படங்களை மொத்தமாகச் சாம்பா ஷேரில் நகலெடுத்தால் முதலில் மின்னல் வேகத்தில் போவதுபோல் தோன்றும்; பிறகு அந்தத் தேக்கம் முழுவதும் டிஸ்க்கை நோக்கி உடைத்துக்கொண்டு பாயும். எழுதியதை டிஸ்க்கில் உறுதிசெய் என்று கேட்கும் என்.எஃப்.எஸ். கணினி, அந்த வெள்ளத்தின் பின்னால் நின்று தவிக்கும். விழுக்காட்டுக் கணக்கை விட்டுவிட்டு, பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவை 256 எம்பி என்றும் உச்ச வரம்பை 1 ஜிபி என்றும் அமைத்தேன். நகலெடுக்கும் வேகம் சற்றுக் குறைந்தது. ஆனால் நிமிடக்கணக்கில் உறையும் நிலை அன்றோடு நின்றது. நான் செய்த மாற்றங்களில் இதற்கு இணையான பலனை வேறெதுவும் தரவில்லை.

ஃபோல்டர் தாமதம் வேறு கதை. ஸ்கேன் படங்கள் 40,000-க்கும் மேல் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. விண்டோஸ் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ஆகவே கேட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால், வேறு எழுத்து வடிவில் அது இருக்கிறதா என்று சாம்பா ஃபோல்டர் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கிறது. புதிய கோப்பு ஒவ்வொன்றுக்கும் இதே துழாவல். நூல்வாரியாக ஃபோல்டர்களைப் பிரித்தோம். ஆவணக் காப்பு ஷேரில் மட்டும் எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு, எழுத்து வேறுபாடு பார்க்கும்படி சாம்பாவை அமைத்தோம். பெயர்களை முதலில் மாற்றாமல் இந்த அமைப்பைத் தொடக் கூடாது. பெரிய எழுத்துள்ள கோப்புகள் விண்டோஸ் கணினிகளுக்குக் கிடைக்காமல் போகும்.

ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கும் என்.எஃப்.எஸ். சர்வரின் இழைகளை (த்ரெட்), எங்கள் பதிப்பில் இயல்பாக இருந்த 8-லிருந்து 32 ஆக்கியதில் பெரிய மாற்றமில்லை. டிஸ்க் திணறும்போது இழைகளைக் கூட்டுவது, ஒரே கவுன்ட்டருக்கு இன்னும் நீளமான வரிசையைக் கட்டுவது போன்றது. டிஸ்க் சீரான பிறகே அதன் பயன் சிறிது தெரிந்தது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உறைந்து நிற்கும் கணினிகளைக் கண்டு பொறுமையிழந்து, 2020-இல் ஒரு கணினியில் என்.எஃப்.எஸ். ஷேரை இணைப்பதில் சாஃப்ட் மவுண்ட் முறைக்கு மாறினேன். அந்த முறையில் சர்வர் குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டால் நிரலுக்குப் பிழை என்று சொல்லி அந்தக் கோரிக்கை கைவிடப்படும். பி.டி.எஃப். ஆக மாற்றும் எங்கள் நிரல் அந்தப் பிழையைக் கவனிக்கவில்லை. கடைசிப் பக்கங்கள் இல்லாத ஒரு பி.டி.எஃப். பிளேட் போடும் கட்டம் வரை போய்விட்டது. தாள் எண்ணிக்கையைச் சரிபார்த்த ஊழியர் ஒருவரின் கவனத்தால்தான் நூல் தப்பியது. எழுதும் வேலை நடக்கும் எந்த ஷேருக்கும் அன்றிலிருந்து, பதில் வரும்வரை விடாமல் முயலும் ஹார்ட் மவுண்ட் மட்டுமே. வேகத்துக்காக, டிஸ்க்கில் எழுதும் முன்பே எழுதியாயிற்று என்று சர்வர் பதில் தரும் ஏசிங்க் முறையில் ஷேரை வழங்குவதையும் இதே காரணத்தால் நான் ஏற்பதில்லை: மழைக்காலத்தில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால், சேமித்துவிட்டதாகக் கணினி நம்பியது டிஸ்க்கில் இருக்காது.

இரவு பேக்கப்பும் கணக்கில் வர வேண்டியது. மார்கழியில் வேலை நள்ளிரவைத் தாண்டுவதால், இரவு 11 மணிக்குத் தொடங்கிய ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு நிரலை அதிகாலை 3 மணிக்குத் தள்ளி, அதன் வேகத்துக்கும் வரம்பு வைத்தேன்.

2024 டிசம்பரில் லோட் 7-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்குகளில் ரெய்டு 6 வைத்து, சிறுசிறு தரவுகளை எழுதும் வேலையைச் சமாளிப்பதற்கு எல்லை உண்டு; அப்படி எழுதும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்குகளில் 6 செயல்கள் நடக்க வேண்டும். நடப்பு நூல்களின் ஷேரை மட்டும் இரண்டு எஸ்.எஸ்.டி.களுக்கு மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன். பழைய டிஸ்க்குகள் ஸ்கேன் படங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் போதும்.